முழு அட்டவணையையும் ஒட்டியவளுக்கு

திண்டிவனம் பேருந்து நிலையச் சுவரில் இன்று காலை இரண்டு பேர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசையின் நெடி. சுவரொட்டியில் இருந்தது யார் முகம் என்றுகூட நான் பார்க்கவில்லை. அந்த நெடி மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நடுவில் எத்தனையோ முறை நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அலுப்பு வந்து படுத்துக்கொண்டது. இன்று கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டரைப் போடாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். படித்து முடித்து நான் இந்த ஜெராக்ஸ் கடைக்கு வந்தேன். நீ காணையைத் தாண்டி உன் ஊருக்கே போய், கணக்கெடுப்பு வந்தால் கூப்பிடும் தற்காலிக வேலையில் ஒட்டிக்கொண்டாய். மாடு, கிணறு, கழிவறை, படிப்பை விட்ட பிள்ளைகள் என்று எதைக் கேட்கச் சொன்னாலும் வீடு வீடாகப் போவாய். வேலை முடிந்து என் கடைக்கு வந்தால் முதலில் செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதத்தை ஸ்டூல் மேல் தூக்கி வைப்பாய்.

“வெயில்ல அலைஞ்சி எழுதிக்கினு போய்க் குடுக்குறேன். அது எங்க போவுதுன்னே தெரியலடி” என்றாய் ஒருநாள். அரசாங்க இணையதளத்தில் உன் ஒன்றியத்தின் அட்டவணையைத் தேடி எடுத்துக் காட்டினேன். உன் ஊர் வரிசையில் விரலை வைத்தாய். பிறகு, “இது நான் எழுதினதுதான். ஜனங்களக் கேட்டு எழுதினது. அவங்களுக்கே தெரியாம இங்க கெடக்குது பாரு” என்றாய்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதம் ஒரு சார்ட் தாள். மழை அளவு, நிலத்தடி நீர் மட்டம், பள்ளியில் காலியாக இருக்கும் ஆசிரியர் இடம். நான் எடுத்துத் தருவேன், நீ பெரிய எழுத்தில் எழுதுவாய். கடைசி வரியில் எந்தத் துறை, எந்த ஆண்டு என்று கட்டாயம் இருக்கும். ரேஷன் கடைச் சுவர், பஸ் நிற்கும் இடம், உங்கள் தெருக் கிறிஸ்தவச் சிற்றாலயத்தின் பலகை என்று ஒட்டிக்கொண்டே போவோம். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஒருமுறை நான் சிவப்பு மார்க்கர் வாங்கி வந்தேன். நீ தொடவில்லை. “எந்தக் கலர எடுத்தாலும் ஒரு கட்சி வந்து நிக்கும். கறுப்புலயே எழுதுவோம்” என்றாய். கறுப்புக்கும் ஆள் இருக்கிறார்கள் என்றேன். சிரித்தாய். ஆனாலும் கறுப்பில்தான் எழுதினாய்.

எண்களை நீ கும்பிட்டதும் கிடையாது. பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிவிட்டுப் போன ஆட்களை உனக்குத் தெரியும். அதனால்தான் ஆண்டையும் துறையையும் எழுதச் சொன்னாய். தப்பு என்றால் எங்கே போய்க் கேட்பது என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்பாய்.

தேர்தல் நெருங்கினால் இரண்டு பக்கத்து ஆட்களும் கடைக்கு வருவார்கள். ஒருத்தருக்கு அட்டவணையில் போன ஆட்சியின் ஆண்டுகள் மட்டும் வேண்டும், இன்னொருத்தருக்கு இந்த ஆட்சியின் ஆண்டுகள் மட்டும். நீ இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்வாய். “முழு அட்டவணையா எடுத்துக்கினு போங்க. இல்லன்னா வாணாம்.” யாரும் முழுசாக எடுத்துக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை.

நான் சொல்ல வந்தது தண்ணீர்ப் பரிசோதனைத் தாளைப் பற்றி. உங்கள் தெருவில் சிற்றாலயத்துக்கு எதிரே அந்தக் கைப்பம்பு. கல்கண்டுத் தண்ணி என்று பெயர். நீ பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர். ஊராட்சித் தலைவர் புதிதாக ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டு, மேல்நிலைத் தொட்டி கட்டி, தெருவுக்குக் குழாய் விட்டார். உனக்கும் அவருக்கும் ஆகாது. உங்கள் தெருவுக்கு வர வேண்டிய சாலையை அவர் தன் தெருவுக்குத் திருப்பிக்கொண்டார் என்ற கோபம் உனக்கு. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கிராம சபையில் எழுந்து, தொட்டித் தண்ணீரால்தான் என்று சொன்னவள் நீ. தெருவே கை தட்டியது.

அதோடு விடாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பரிசோதனை அறிக்கை கேட்டு மனு போட்டாய். பதில் என் கடை முகவரிக்கு வந்தது. ஒரு மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லாதபோது உறையைப் பிரித்தோம். தொட்டித் தண்ணீர்: குடிக்க உகந்தது. கைப்பம்பு: நைட்ரேட் அனுமதித்த அளவுக்கு மேல், குடிக்க உகந்ததல்ல.

நீ இரண்டு முறை படித்தாய். நான்தான் முதலில் வாய் திறந்தேன். இந்த மாதம் மழை அளவை ஒட்டிவிடலாம், இதைத் தேர்தல் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதைச் சொன்னதற்காக இன்றும் கூசுகிறேன். நீ என்னைத் திட்டவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்தாய், மூடியை மெதுவாகத் திருகினாய்.

“அந்தாளு தண்ணி கெட்டதுன்னு நேத்து வரைக்கும் சொன்னனே, அப்ப என் கையில என்னாடி இருந்துச்சி? ஒண்ணும் இல்ல. இப்ப தாளு இருக்குது. இத மறைச்சா, இனிமே நாம ஒட்டுறத எவன் படிப்பான்?”

மறுநாள் ஒட்டினோம். தாளின் மேலே, ‘கிராம சபையில் நான் சொன்னது தவறு’ என்று எழுதி உன் பெயரைப் போட்டாய்.

முதலில் சண்டைக்கு வந்தவள் உன் தம்பி மனைவி அமலா. இடுப்பில் கைக்குழந்தை. தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். “எங்க மாமனார் காலத்துலேருந்து குடிக்கிறோம், யாரு செத்தா? தலைவருகிட்ட என்னாத்த வாங்கிக்கினு இப்டி எழுதுனீங்க, அண்ணி?” என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் முகத்தில் அடி விழுந்த மாதிரி இருந்தது. “கொழந்தைக்கு மட்டும் அந்தத் தண்ணியில பால் கலக்காதம்மா” என்றாய். காய்ச்சித்தான் கொடுக்கிறேன் என்றாள். காய்ச்சினாலும் போகாது என்று கிராம நர்ஸ் சொன்னதை நீ சொல்லி முடிப்பதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள். சாயங்காலம் தாளைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். மறுபடி எழுதி ஒட்டினாய். அதையும் கிழித்தார்கள்.

அதற்குள் தலைவர் ஆட்கள் உன் தாளில் தொட்டித் தண்ணீர் வரியை மட்டும் எடுத்து, அவர் படத்தோடு பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். உனக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை. நேராக அவர் வீட்டுக்குப் போனாய், நானும் கூட வந்தேன். அவர் எழுந்து வரவேற்று நாற்காலி போட்டார். நீ உட்காரவில்லை.

“பாதிதான் போட்டுருக்கீங்க. தொட்டி கழுவுன தேதி பதிவேட்டுல காலியா இருக்குதுன்னு அதே ரிப்போர்ட்டுல கீழ எழுதியிருக்குது. அதயும் போடுங்க, இல்லாட்டி பிளெக்ஸ எடுங்க.”

அவர் சிரிப்பு நின்றது. “உனக்கு நல்லது பண்ணலாம்னு பாத்தா பேஜாரு புடிச்ச பொம்பளயா இருக்கியே” என்றார்.

இரண்டு நாளில் பிளெக்ஸ் காணாமல் போனது. காற்றில் போனதா, அவரே எடுத்தாரா, தெரியாது. உனக்கு அந்தப் பக்கமும் ஆள் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று போனில் சொன்னாய். குரலில் அழுகை இல்லை, களைப்புதான். குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கைப்பம்புக்குச் சிவப்பு அடிக்கச் சொல்லி மூன்று மனு போட்டாய். உத்தரவு வரவில்லை என்றே பதில் வந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம் உன்னிடமிருந்து போன். “அமலா தொட்டிப் பைப்புல ஒரு கொடம் புடிச்சிக்கினு போறா. என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போனா. ஆனா புடிச்சா.” நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

அதன் பிறகு உனக்கு வந்த நோயைப் பற்றி எழுதப் போவதில்லை. சீக்கிரம் முடிந்தது, அவ்வளவுதான். அடக்கத்தன்று அமலா என் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தானாக நின்றது. “அண்ணிகிட்ட ஒரு வார்த்த பேசியிருக்கலாம். தெனம் நாளைக்கி நாளைக்கின்னு இருந்துட்டேன்” என்றாள். நீ பைப்படியில் அவளைப் பார்த்ததையும் எனக்குப் போன் செய்ததையும் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கைப்பம்பு இன்னும் இருக்கிறது. இப்போது பாதித் தெரு அதில் பாத்திரம் மட்டும் கழுவுகிறது. மீதிப் பாதி குடிக்கவும் செய்கிறது. இணையதளத்தில் போன மாதம் இருந்த பக்கம் இந்த மாதம் திறப்பதில்லை. எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியாத கணக்குகள் காலையில் கண் விழிப்பதற்குள் போனில் வந்து விழுகின்றன. ஒன்றைச் சரிபார்த்துச் சொல்வதற்குள் பத்து வந்துவிடுகிறது. நான் சோர்ந்துபோயிருக்கிறேன். நீ இருந்தால் நீயும் சோர்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஆனாலும் தாள் நிற்கவில்லை. போன மாதம் மயிலம் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியர் கணக்கை ஒட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பக்கத்து ஊர் வரியை மாற்றி எழுதியிருக்கிறேன். நிரம்பியிருக்கும் இடத்தைக் காலி என்று போட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, ஒரு போன்கூட வரவில்லை. அப்படியே விட்டிருந்தால் மழையில் கரைந்து போயிருக்கும். மறுநாள் முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறிப் போய், என் தாளை நானே கிழித்தேன். புதுத் தாளின் மேலே, ‘போன தாளில் நான் எழுதியது தவறு’ என்று அதே அளவு எழுத்தில் எழுதி, என் பெயரையும் போட்டு ஒட்டினேன்.

பஸ்ஸுக்கு நின்றிருந்த பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “இத யாரும்மா கேட்டாங்க?” என்றார்.

“யாரும் கேக்கலைங்க” என்றேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளை மேலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். கடைசி வரியில் இருந்த துறையின் பெயரையும் ஆண்டையும் வாய்விட்டுப் படிக்கும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.