மெரெயாவின் முகம்

மார்ச் 4
கழுவிய பால்புட்டிகளை ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தேன். "யாரு வச்சது இத இங்க?" என்றான் என் புருஷன் இசிகேலி. நான் என்ன சிப்பாயா? கர்னல் வேலையை விட்டுத் தூதரக அதிகாரியாகிவிட்டான். குரல் மட்டும் இன்னும் அணிவகுப்பு மைதானத்தில்தான்.

மாதக் கடைசியில் கான்பெரா போகிறோம். அதற்குள் மெரெயாவை என் ஊருக்குத் தூக்கிப் போய் முகம் காட்ட வேண்டும். தலைச்சன் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைக்காமல் கடல் தாண்டுவதா? அங்கே இவனுக்குக் கோபம் வந்தால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 5
அண்ணனுக்குப் போன் செய்தேன். "வரட்டும். என்னை முட்டி போட வச்சவன் மூஞ்சிய நானும் பாக்கணும்." இசிகேலி கர்னலாக இருந்த ஊரடங்கு நாட்களில், எங்கள் ஊர் ரக்பி மைதானத்தில், ஊரே பார்க்க. எங்கள் கல்யாணத்துக்கும் அண்ணன் வரவில்லை.

இசிகேலி சிரிக்கிறான். "பேசறதுதான் இப்ப என் வேல. நாலு வார்த்தைல முடிச்சுடுவேன் பாரு."

மார்ச் 12
என் ஊருக்குப் போனோம். நாசமாப் போச்சு.

மன்னிப்புக் கேட்கும்போது கொடுக்கும் திமிங்கலப் பல்லை நீட்டி, அவன் வீட்டுப் பேச்சாளரான லிவாய் பெரியப்பாதான் பேச வேண்டும். மாப்பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும், வாயே திறக்கக் கூடாது. இது யாருக்குத் தெரியாது? இவன் பெரியப்பாவின் தோளைத் தட்டி, "நான் பாத்துக்கறேன்" என்று எழுந்துவிட்டான். எல்லாரும் பாயில் இருக்க இவன் மட்டும் நின்றுகொண்டு! "கசப்பான சூழ்நிலை", "இரு தரப்பு நல்லுறவு" — மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவேயில்லை.

அண்ணன் அந்தத் திமிங்கலப் பல்லைத் தொடவில்லை. "அன்னைக்கும் நீ நின்னுக்கிட்டுதான் பேசின, கர்னல்."

பின்னாலிருந்து யாரோ: "ஐயாவுக்கு ஒரு மைக் குடுங்கடா!"

ஊரே சிரித்தது. மெரெயா என் மடியிலேயே இருந்தாள்.

மார்ச் 13
அவன் ஹாலில் படுத்துக்கொண்டான். நல்லது.

மார்ச் 20
பெரியப்பா வந்தார். "இன்னொரு தடவ போவோம்டா. தொண்டைல முள்ளு மாட்டினவன் மாதிரி உக்காரு, போதும்."

இசிகேலி எழுந்துவிட்டான். "அவனுங்க முன்னால நானா? முடியாது. பிள்ளை முகம்தான் பாஸ்போர்ட்ல இருக்கே."

பாவி. பாஸ்போர்ட்டா மடியில் வைத்துக் கொஞ்சும்?

மார்ச் 28
பெரியப்பாவையும் எங்களையும் அண்ணன் வீட்டுக்குக் காரில் கொண்டுவந்து விட்டான். இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை.

உள்ளே பெரியப்பா பாயில் குனிந்து, "எங்க பய செஞ்சது தப்பு. அவனுக்குச் சொல்ல வாய் வரல, நான் சொல்றேன்" என்றார். அண்ணன் திமிங்கலப் பல்லை இரண்டு கையாலும் வாங்கினான். மெரெயாவையும்தான். அவள் அவன் தாடியைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே ஹார்ன். மறுபடியும் ஹார்ன்.

"கூப்பிடறான் போல" என்றான் அண்ணன். பிள்ளையைத் திருப்பி நீட்டவில்லை.

நானும் கை நீட்டவில்லை.

ஏப்ரல் 2
அண்ணன் வீட்டு அடுப்பில் சேப்பங்கிழங்கு வேகிறது. பால்புட்டிகளை இங்கேயும் ஜன்னலோரம்தான் கவிழ்த்து வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.