இருவாச்சி பார்க்கப் போன இருவர்

அம்போலி மலையிலிருந்து நேற்றுக் காலை வந்து இறங்கிப் பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். ஈரக் காலுறைகளோடு கொஞ்சம் உப்பும் புகையிலைத் தூளும் கொட்டின. அறை முழுக்க அந்த நெடி. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். "இருக்கட்டும்மா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன். காட்டில் அட்டை ஏறாமலிருக்கக் காலுறைக்குள் போட்டுக்கொள்ளும் தூள் அது என்று விளக்கினேன். எனக்கு அது உன் வாசனை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உனக்குப் புகையிலை போடும் பழக்கம் இருந்ததாக நினைத்துக்கொள்வாள்.

ஆமாம், மறுபடியும் போனேன். அதை உன்னிடம் சொல்லத்தான் இன்று ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். கூடவே உன்னைக் கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது. எதையும் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறவள் என்று என்னைக் கேலி செய்வாய். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

பதினோரு வருஷம் சான்பாடாவில் மும்பை லோக்கல் ரயிலின் ஒரே பெண்கள் பெட்டியில் ஏறினோம். நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. கடைசி ஸ்டேஷன் வரை போக வேண்டும். நீ தாராவியில் பிறந்தவள். வீடு மாறி வந்த பிறகும் அங்கேயே ஒரு தோல்பைப் பட்டறையில் வெட்டுவதும் தைப்பதும் உன் பொறுப்பு. சுனாபட்டியில் இறங்கி பஸ் பிடிப்பாய். திருநெல்வேலியை மொத்தமே மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாய், ஆனாலும் வாயைத் திறந்தால் தாமிரபரணிதான். என் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை. 'மாட்டுங்கா' என்பாய், கோபம் வந்தால் 'ஏட்டி மாட்டுங்கா' என்பாய்.

நம் சட்டம் நினைவிருக்கிறதா? பழகிய புதிதில் ஒரு நாள் எனக்கு இடம் கிடைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ நின்றாய். நான் மான்கூர்ட் வரும்முன்பே தூங்கிப்போனேன். நீ இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் சொன்னாய்: "ஒருத்தி ஒக்காந்து ஒருத்தி நின்னா பேச்சு கெட்டுப்போவும். ஒத்த சீட்டுன்னா ரெண்டு பேரும் நிக்கணும். சம்மதமா?" அன்றிலிருந்து ஒற்றை இருக்கை காலியானால் பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு நாம் நின்றுகொண்டே பேசினோம். நீ சுனாபட்டியில் இறங்கிய பிறகுதான் நான் உட்காருவேன். பெட்டியில் இருந்த மற்றவர்கள் நமக்கு மூளை கொஞ்சம் கம்மி என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

உன் பட்டறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. வருஷம் முடிந்தும் நீ அதைக் கழற்றவிடவில்லை. அதில் மஞ்சள் மூக்கும், மூக்குக்கு மேலே இன்னொரு மூக்கு கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கொண்டையுமாக ஒரு பெரிய பறவை, இருவாச்சி. "இவ்வளவு கனத்தைத் தூக்கிட்டு இது எப்படிட்டி பறக்கும்? தையல் போட்டவனே தப்பாப் போட்டிருக்கான்" என்று அடிக்கடி சொல்வாய். ஒரு தரம் ரயிலில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சாவதுக்குள்ள அதை ஒருக்கா நிசமாப் பாத்துரணும்" என்றாய். உனக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவள் நீ. அந்த ஒன்றைத்தான் நான் அறியக் கேட்டாய்.

அதனால்தான் அம்போலியில் மழைக்காட்டு நடை என்று ஆபீஸ் வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் உன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். முதல் நாள் நடையும் கைத்தொழில் செய்பவர் வீடும், மறுநாள் காலை இருவாச்சி வரும் அத்திமரம். "லீவு போட்டு அட்டைக்கு ரத்தம் குடுக்கவா கூப்பிடுத?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே முதலாளியிடம் லீவு சொன்னாய்.

பன்வெலில் ரயிலேறி சாவந்த்வாடியில் இறங்கினோம். வார நாள் என்பதால் நம் இரண்டு பேரையும் வழிகாட்டி தத்தாராமையும் தவிர வேறு யாருமில்லை. நம்மைவிடப் பத்து வயது இளையவர், இரண்டு பேரையுமே மராத்தியில் 'மாவ்ஷி', அதாவது சித்தி என்று கூப்பிட்டார். காலுறைக்குள் உப்பையும் புகையிலைத் தூளையும் போடச் சொன்னவர் அவர்தான். நீ ஒரு பிடி அதிகமாகவே போட்டுக்கொண்டு வழியெல்லாம் தும்மினாய். மரங்களுக்குக் கீழே வெளிச்சம் பச்சையாக இருந்தது. மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மலையணில் கிளையில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நம்மைப் பார்த்துத் திட்டியது. "நம்ம ரேஷன் கடைக்காரர் தங்கச்சி போல இருக்கா" என்றாய்.

ஒரு சறுக்கலில் என் கால் வழுக்கியது. கை தன்னால் மேலே போய்ப் பக்கத்துக் கிளையைப் பிடிக்கப் பார்த்தது. தத்தாராம் என் மணிக்கட்டைச் சட்டென்று பற்றி நிறுத்தினார். கிளையோடு கிளையாகப் பச்சை விரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. என் விரலுக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "ரயில் கம்பின்னு நெனச்சியாட்டி? இங்க எல்லாக் கம்பிக்கும் உயிரு இருக்கு" என்றாய்.

மத்தியானம் மலையடியில் மூங்கில் முடையும் வீட்டில் சாப்பாடு. அந்த அம்மாவுக்கு நம் வயதுதான். நான் சட்டினி எது, குழம்பு எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டீர்கள். உனக்கு மராத்தி அரைகுறை, அவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவள் உன் தோள்பையை வாங்கித் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். நீ அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு விளிம்பைத் தடவினாய். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளிம்பு கட்டக் கற்றுக்கொண்டாய். மூங்கில் நார் உன் விரலைக் கிழித்தது. "தோலு சொன்ன பேச்சு கேக்கும். இது கேக்காது" என்று விரலைச் சூப்பிக்கொண்டே, பிடி கழன்று வராமலிருக்க எப்படி முடிச்சு இறுக்குவது என்று அவளுக்கு உன் ஊசியால் காட்டினாய். அவள் இரண்டு தடவை செய்து பார்த்துத் தலையாட்டினாள். கிளம்பும்போது நீங்கள் இருவரும் கும்பிட்டுக்கொண்டதைப் பார்த்தால் இருபது வருஷம் ஒரே பட்டறையில் இருந்தவர்கள் என்று தோன்றும்.

மறுநாள்தான் நான் கெடுத்த நாள்.

விடிந்ததும் அத்திமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். போனை சைலன்ட்டில் போடச் சொன்னார் தத்தாராம். போட்டேன், சத்தியமாகப் போட்டேன். மழைக்காகப் பிளாஸ்டிக் கவரில் வைத்து, இரண்டு முடிச்சு போட்டு, பையின் அடியில் ரெயின்கோட்டுக்குக் கீழே வைத்தேன். ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தோம். தூரத்தில் ஒரு குரல் கேட்டது. தத்தாராம் விரலை உயர்த்தினார். நீ மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டாய்.

அப்போது மணி ஏழு இருபது. வார நாட்களில் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு நான் வைத்திருக்கும் அலாரம் அலறியது. சைலன்ட்டில் போட்டாலும் அலாரம் அடிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மிக்ஸி சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்று இருப்பதிலேயே பெரிய சத்தமாக வைத்திருந்தேன். காடே அதிர்ந்தது. நான் பைக்குள் தலையை விட்டேன். ரெயின்கோட், துண்டு, பிஸ்கட், அந்தப் பாழாய்ப்போன முடிச்சு. பல்லால் கடித்துக் கிழித்து அமுக்கிவிட்டு நிமிர்ந்தபோது மரம் காலியாக இருந்தது. உன் கண் கலங்கியிருந்தது.

"வந்துதாடி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரல. எந்திரி, காலு மரத்துப்போச்சு" என்றாய். தத்தாராம் முன்னால் நடந்தார். திரும்பும் ரயிலில் நீ வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாய். நான் பன்வெல் வரை அழுதேன்.

ஒரு மாதம் கழித்து பட்டறையில் மிஞ்சிய தோலில் எனக்கு ஒரு பை தைத்துக் கொண்டுவந்தாய். விளிம்பெல்லாம் அந்தக் கூடையின் கட்டு. தோள்வாரிலேயே, நெஞ்சு உயரத்தில், போனுக்கு ஒரு சின்ன உறை. "இனிமே போனு இதுல இருக்கட்டும். குனியாம எடுக்கணும். குனிஞ்சா எதுக்க வாரது தெரியாது" என்றாய். கூட்டத்தில் பிக்பாக்கெட் அடிப்பவர்களைச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

அதன் பிறகு எத்தனை தரம் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன். மறுபடி போகலாம் என்று ஒவ்வொரு மழைக்கும் பேசினோம். ஒரு வருஷம் உன் பெண்ணுக்குப் பிரசவம், மறு வருஷம் எனக்கு முழங்கால், அப்புறம் உனக்கு அந்த வியாதி. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கேட்டது அது ஒண்ணுதான், அதையும் நான் கெடுத்துட்டேனே" என்றேன். "அதை விடுட்டி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் நீ இல்லை. உன் பெண்ணிடம்கூட அழுது சொன்னேன், உங்கம்மா ஆசையைக் கெடுத்தவள் நான் என்று. பாவம், அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பாரம் தாங்காமல்தான் இந்த முறை போனேன். உனக்குப் பதிலாக நானாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கணக்கு. தத்தாராமுக்கு முன்நெற்றி ஏறியிருக்கிறது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது. போனை அறையிலேயே அணைத்து வைத்துவிட்டுப் போனேன். இப்போது வேறொரு அத்திமரம். முக்கால் மணி நேரத்தில் வந்தது. முதலில் இறக்கைச் சத்தம், யாரோ பெரிய துருத்தியை இழுத்து விடுவதுபோல. பிறகு அந்த மஞ்சள் மூக்கு. ஒரு பழத்தை நுனியில் பிடித்து, மேலே தூக்கிப் போட்டு, வாயைத் திறந்து விழுங்கியது. அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தும் போனது. தையல் சரியாகத்தான் போட்டிருக்கிறான், கேட்டுக்கொள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இது அவ பார்க்க வேண்டியது. என்னால பார்க்காமலே போயிட்டா" என்று தத்தாராமிடம் சொன்னேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன மாவ்ஷி சொல்றீங்க? அவங்க பார்த்தாங்களே" என்றார், மராத்தி கலந்த இந்தியில். "நீங்க பைக்குள்ள தலையை விட்டுட்டு இருந்தீங்க. அந்தச் சத்தத்துல ஜோடி கிளம்பி நம்ம தலைக்கு மேலேயே போச்சு. கையை நீட்டினா தொடலாம். அவங்க அழுதுட்டாங்க. நீங்க நிமிர்றதுக்கு முன்னால என்னைப் பார்த்து உதட்டுல விரலை வச்சாங்க, சொல்லாதேன்னு."

நான் அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். அடிப்பாவி, எத்தனை வருஷம் என்னை அழவிட்டாய். ஆஸ்பத்திரியிலாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை போதுமே. கீழே இறங்கும்வரை உன்னை மனதுக்குள் வைதுகொண்டே வந்தேன். மூங்கில்காரி வீட்டில் கூடைகளின் பிடியெல்லாம் உன் முடிச்சில் இருந்தன. அவள் என் பையின் விளிம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நீ எங்கே என்று கையால் கேட்டாள். நான் மேலே காட்டினேன். அவள் கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பையைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் போன் உறையில் கை பட்டது. குனியாமல் எடுக்கணும். குனிந்தால் எதிரே வருவது தெரியாது. நீ சொல்லத்தான் சொல்லியிருக்கிறாய், எனக்குத்தான் உறைக்கவில்லை. அன்றைக்கு உனக்கு ஒரே ஒரு சீட்டுத்தான் கிடைத்தது. நான் நின்றுகொண்டிருந்ததால் நீ உட்கார்ந்ததை ஒத்துக்கொள்ளவே இல்லை. பேச்சு கெட்டுப்போய்விடும் என்று பயந்திருக்கிறாய்.

இன்று காலை வழக்கம்போல் ஏழு முப்பத்தெட்டு ரயில். வாசலில் ஏறி உள்ளே போனதும் ஒரு இருக்கை காலியானது. காலேஜ் போகும் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, பைட் ஜாயியே" என்று இடத்தைக் காட்டினாள். முழங்கால் வலித்தது, ஆனாலும் அவளையே உட்காரச் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றேன். இப்போது நாம் இருவருமே பார்த்தாயிற்று, இனிப் பேசலாம். பழத்தை அது எப்படித் தூக்கிப் போட்டது, நீ பார்த்த ஜோடியில் எது ஆண், எது பெண், இறக்கைச் சத்தம் உனக்கும் துருத்தி மாதிரிதான் கேட்டதா என்று வாய் திறக்காமல் உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். வாஷி பாலம், மான்கூர்ட், செம்பூர், குர்லா எல்லாம் போனதே தெரியவில்லை. சுனாபட்டியில் நீ இறங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு உட்கார்ந்தேன்.