கம்ப்யூட்டருக்குப் போத்துன படங்கு

என்னங்க,

வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நேரமாச்சு. நீங்க தூங்குறீங்க, எழுப்பல. ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன்.

நேத்து இடி இடிச்சப்போ நான் பிளக்கைப் புடுங்குனதால, நீங்க காலையில இருந்து டவுன்லோட் பண்ணுனது பாதியில போயிருச்சு. நம்ம லயத்து வீடுங்கள்ல எல்லாரும் இடிக்குப் புடுங்கத்தான் செய்வாங்க. அதுக்கு, "ஒனக்கு ஒன்னும் தெரியாது"ன்னு பக்கத்து வீட்டுக் காம்பரா வரைக்கும் கேக்குற மாதிரி கத்தணுமா?

இப்ப மழை. மறுபடி டவுன்லோட் ஓடுது, அதனால பிளக்கைத் தொடல. ஆனா கூரைத் தகரம் ஒழுகி கம்ப்யூட்டர் மேலயே சொட்டுது. கொழுந்து எடுக்குறப்ப நான் மழைக்குக் கட்டுற படங்கை அது மேல போத்தியிருக்கேன். நான் நனைஞ்சா காஞ்சிருவேன்.

டிலுக்ஷி

இன்னொன்னு: பின்னால ஃபேன் இருக்குற எடத்த மூடல. மூடுனா சூடாயிரும்னு போன மாசம் சொன்னீங்க. ஒன்னும் தெரியாதவளுக்கு அது ஞாபகம் இருக்கு.