அருவியில் பிடித்த குடை

என்னங்க,

நீங்கள் கோட்டை, குகை, அருவி என்று சுற்றிக்காட்டும் பயணிகளின் படங்களை இந்த ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுவது நான்தான். அதை மறந்தே போய்விட்டீர்கள் போலிருக்கிறது.

அருவிப் படத்தில் ஒரு சிவப்புச் சட்டைக்காரிக்குக் குடை பிடித்தபடி நீங்கள் தொப்பலாக நனைந்து நிற்கிறீர்கள். பல் முப்பத்திரண்டும் தெரிகிறது. வீட்டில் வாயைத் திறந்தால் கொட்டாவிதான்.

படம் வாங்க வந்தவளும் அவளேதான். "எங்க கைடு தங்கமான மனுஷன், அக்கா. கோட்டைப் படியெல்லாம் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டாரு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பஸ்ஸில் நானும் டிக்கெட் எடுத்துவிட்டேன். என்னை மனைவி என்று யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால், மனைவிதானே என்று குடையை என் கையில் திணித்துவிட்டு அடுத்தவளுக்குக் கை கொடுக்கப் போய்விடுவீர்கள்.

இப்படிக்கு,
முன் சீட்டுப் பயணி