பித்தளைச் சிங்கம்

இன்றைக்குப் பள்ளியில் யாரோ ரோசாச் சவர்க்காரத்தால் கைகழுவியிருந்தார்கள். உங்கள் வீட்டு மணம். அழுகை வந்துவிட்டது.

போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன். வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்த உன் பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

மார்ச் மூன்றாம் திகதி ஞாபகமிருக்கிறதா? உங்கள் பல்கேரியாவின் விடுதலை நாள் என்று சொல்லி, உன் பூட்டனின் தொப்பியில் இருந்த பித்தளைச் சிங்கத்தைக் கொண்டுவந்தாய். ஐந்நூறு வருஷம் துருக்கியர் ஆண்டார்களாம். எதிர்த்து எழும்பிய சனங்கள் அந்தச் சிங்கத்தைத் தொப்பியில் குத்தினார்களாம். பிறகு துருக்கியர் ஊர் ஊராக எரித்தார்களாம். ஏதோ பக்கத்துத் தெருவில் நடந்ததுபோலச் சொன்னாய்.

"நீயும் ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவள்தானே. இன்றைக்கு நீ போடு, நாளைக்குத் தா" என்று என் கோட்டில் குத்திவிட்டாய்.

அதோடேயே வீட்டுக்குப் போய்விட்டேன். கதவைத் திறந்த அம்மா சுவரோடு சாய்ந்தா.

"கழட்டடி அதை! சிங்கத்தை நெஞ்சில குத்திக்கொண்டு வாறாய்! இந்த ஸ்ட்ரெதம் பக்கம் முழுக்க எங்கட சனம், ஆரும் கண்டவையோ?"

எங்கள் ஊரில் அண்ணையைப் பிடித்துக்கொண்டு போன ஆமி ட்ரக்கில் பறந்ததும் சிங்கக் கொடிதான். அது உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

"ஆர் தந்தது?" என்றார் அப்பா. நான் அதைக் கையால் பொத்தினேன். அவர் சிங்கத்தைப் பிடுங்கி, மாடிப்படிக்குப் பக்கத்துக் குப்பைக் குழாய்க்குள் போட்டார். அது மூன்று மாடியும் தட்டித் தட்டி விழுந்த சத்தம் கேட்டது.

அடுத்த நாள் நீ கேட்டாய். "துலைஞ்சு போச்சு, பஸ் ஸ்டொப்பில விழுந்திருக்கும்" என்றேன்.

நீ கோபிக்கவில்லை. மழைக்குள் முழங்காலில் இருந்து பஸ் ஸ்டொப் வாங்குக்குக் கீழே தேடினாய். நானும் உன் பக்கத்தில் இருந்து தேடினேன். அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே தேடினேன். "அழாதே, என் அப்பாவிடம் நானே துலைச்சதாகச் சொல்லுறன்" என்று என் முதுகைத் தடவினாய்.

இரண்டு கிழமையில் உன் கதிரை வெறுமையானது. உங்கள் வீட்டுக் கதவுக்கு, வீடு தந்த கவுன்சில்காரர் பலகை அடித்தார்கள். "அந்தச் சனத்தின்ர அகதிக் கேஸ் விழுந்திட்டுது, திருப்பி அனுப்பிப் போட்டாங்கள்" என்று அப்பா அம்மாவுக்குச் சொன்னார். "எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. இவள் அந்தப் பக்கம் கதைக்கவே கூடாது."

உன் அப்பா உனக்கு அடித்தாரா? அந்த ஊரில் உங்களை யாரும் பிடித்தார்களா? யாரிடம் கேட்பது?

நீ துலைக்கவில்லை. நானும் துலைக்கவில்லை. குழாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, இது வேற சிங்கம், பல்கேரியாவின்ர" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? சாப்பிடும்போது அவருடைய முகத்தைப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் அது தொண்டை வரைக்கும் வருகிறது. சோற்றோடு விழுங்கிவிடுகிறேன்.