கடலை அறியாதவர்கள்

14 மார்ச் 1977, திங்கள்

மழை. பென்டில் ஹில்லில் இருந்து வந்த ரயில் இருபது நிமிடம் தாமதம். மடியில் புத்தகம், வழி முழுக்க ஒரே பக்கம். பிந்தி வந்ததற்கு ஹார்ப்பர் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். பாறை மீன்பிடிப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். ஒரே தட்டச்சாளர் நான். எங்கள் அலுவலகம் அவ்வளவுதான்.

மாநில அரசு தெற்குக் கரைப் பாறைகளை மூடச் சட்டமூலம் கொண்டுவரப் போகிறதாம். ஐந்து வருடத்தில் ஒன்பது பேரை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பது காரணம். மூடக் கூடாது என்று சங்கம் எம்.பி.மாருக்கு மனு எழுதுகிறது.

அந்த ஒன்பது பேரில் ஏழாவது ஆள் கேதீஸ்வரன். என் அண்ணா. எட்டு மாதம் ஆகிறது. இங்கே யாருக்கும் தெரியாது.

வேலை கேட்டு வந்த அன்றே சுவரில் அந்தப் பாறையின் படத்தைக் கண்டேன். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன்?

17 மார்ச், வியாழன்

ஹார்ப்பர் ஜன்னலைப் பார்த்தபடி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். "இறந்தவர்கள் பெரும்பாலும் அண்மையில் குடியேறிய, கடலை அறியாத மனிதர்கள். எமது சங்கத்தவர் ஒருவரும் இல்லை."

வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "நல்லா வந்திருக்கு, லவ்" என்றார், எல்லோரையும் அழைப்பதுபோல.

கடலை அறியாத! பருத்தித்துறையில் எங்கள் படலையைத் திறந்தால் கடல். இத்தனை வாசித்திருக்கிறேன், ஒரு வரி இப்படிச் சுட்டதில்லை. அதை என் கையாலேயே—

20 மார்ச், ஞாயிறு

சிறி வந்திருந்தார். அன்று அண்ணாவோடு பாறையில் நின்றவர். அண்ணாவின் மனைவி யோகா மச்சாள் குசினியில் தேத்தண்ணி போடும்போது அந்த வரியைச் சொன்னேன்.

"அறியாத ஆளோ? நான் துள்ளிக்கொண்டு இறங்கப் போக, 'நில்லடா விசரா, அலையை இன்னும் பாக்கேல்லை' எண்டு சேட்டில பிடிச்சு இழுத்தவன். அரை மணித்தியாலம் பாத்துப்போட்டுத்தான் இறங்கினவன். உம்மட ஹார்ப்பரைக் கூட்டிக்கொண்டு வாரும், ஆர் அறியாத ஆள் எண்டு இறக்கிப் பாப்பம்."

பிறகு சிறியின் குரல் தணிந்தது.

"பத்து நிமிசம் மிதந்தவன், கமலினி. கையைத் தூக்கிக் காட்டினவன். எறியிறதுக்கு ஒரு கயிறு இல்லை. ஒண்டுமே இல்லை."

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?" என்று மச்சாள் வந்தார்.

மழையைப் பற்றி என்றோம்.

22 மார்ச், செவ்வாய்

ஹார்ப்பரிடம் கேட்டேன்: பாறைக்கு ஒரு மிதவை வளையம், ஒரு கயிறு. மனுவில் அதையும் சேர்த்தால் என்ன?

"வளையம் கேட்டால் இடம் ஆபத்தானது என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மறுநாளே மூடிவிடுவார்கள்" என்றார்.

அவருடைய பக்கம் நின்று பார்த்தால் சரிதான். தலையாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். எப்படி வாயில் வந்ததோ, "ஏழாவது ஆள் என்ர அண்ணா" என்று தமிழில் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில்.

கதிரையை விட்டு எழுந்தார். மறுபடி இருந்தார். பேனாவை எடுத்து, 'கடலை அறியாத' என்ற அந்த வரியை அவரே வெட்டினார். "மன்னித்துக்கொள்" என்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு.

23 மார்ச், புதன்

இன்று காலை: "என்னோடு மக்குவாரி வீதிச் சட்டசபைக்கு வருவாயா? அண்ணாவை இழந்த தங்கையே பாறையை மூடாதே என்று கேட்டால் எந்த எம்.பி. மறுப்பான்?"

நேற்று மன்னிப்புக் கேட்டவர். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"வளையத்தையும் கேட்பேன்" என்றேன். சரி என்றார்.

மச்சாளிடம் சொன்னேன். "அவற்ற பேரை அங்க சொல்லுவியோ?"

"ஓம்."

"முழுப் பேரையும் சொல்லு."

5 ஏப்ரல், செவ்வாய்

சட்டசபைக் கட்டடம். கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. எம்.பி. எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். அண்ணாவின் முழுப் பெயரையும் சொன்னேன். எழுத ஆரம்பித்தவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டார்.

அண்ணா கடலை அறிந்தவர், பாறையை மூடினால் ஆட்கள் களவாக இறங்குவார்கள், எறிய ஒரு வளையம் இருந்திருந்தால்— அங்கே குரல் உடைந்தது. எம்.பி. கைக்குட்டை நீட்டினார்.

வெளியே வந்ததும் ஹார்ப்பர், "அருமை! குரல் உடைந்த அந்த இடம்—" என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

நான் நடிக்கவில்லை. பிறகேன் இவ்வளவு வெட்கம்?

19 மே, வியாழன்

சட்டமூலம் கைவிடப்பட்டது. பாறைகள் திறந்தே இருக்கும். வளையம் பற்றி எம்.பி.யின் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்."

நன்றிக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.

20 மே, வெள்ளி

"அப்ப வளையம்?" என்று மச்சாள் கேட்டார். சொன்னேன். உடுப்பு மடிப்பதைத் தொடர்ந்தார்.

15 ஆகஸ்ட், திங்கள்

பத்தாவது ஆள். அதே பாறை. டென்னிஸ், எங்கள் சங்கத்தின் உப தலைவர். இருபத்தாறு வருடம் அங்கே மீன் பிடித்தவர். கூட நின்றவர்கள் தங்கள் மேலங்கிகளை முடிந்து எறிந்து பார்த்தார்களாம். எட்டவில்லை.

நாங்கள் பாறையை மூடவிடவில்லை. நான் அழுது கேட்டேன். மூடியிருந்தால்?

ஹார்ப்பர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இந்தப் பக்கம் நானும்.

17 ஆகஸ்ட், புதன்

சங்கமே வளையம் வைக்கப் போகிறது, எம்.பி.மாருக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஹார்ப்பர் சொன்ன அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். "கடலை நன்கு அறிந்தவர்களையும் கடல் விடுவதில்லை."

'அப்போ என் அண்ணா?' என்று கேட்க வந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தாளைச் செருகினேன்.

30 ஒக்டோபர், ஞாயிறு

மச்சாள் முதன்முறையாகப் பாறைக்கு வந்தார். சிறிதான் காரில் கூட்டிப்போனார். நல்ல வெயில், கடல் அமைதி. இரும்புக் கம்பத்தில் சிவப்பும் வெள்ளையுமாக வளையம், மஞ்சள் கயிறு. கீழே ஒரு தகட்டில் டென்னிஸின் பெயர் மட்டும்.

மச்சாள் அதை எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு வளையத்தைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு பாரமில்லாததே?"

"மிதக்க வேணுமெல்லோ" என்றார் சிறி.

கயிறு ஓரிடத்தில் சிக்கியிருந்தது. மச்சாள் வெறும் பாறையில் குந்தியிருந்து, மடியில் போட்டு, அதைப் பிரிக்கத் தொடங்கினார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.