மேற்கே திருப்பிய பேனல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். பழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை, நெஞ்சு, மூச்சு, முழங்கால் எல்லாம் வயசுக்குத் தக்கபடி வேலை செய்கின்றன என்று நிஜமாகவே சொல்கிற நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நம் வீட்டுக் கரண்ட் கணக்கை அங்கிருந்தே உன் போனில் கோடாகப் பார்க்கிறாய், அம்மா போன பிறகும் தினமும் நாலு மணிக்கு அந்தக் கோடு அவளுடைய ஆக்சிஜன் மெஷின் ஓடுகிற அளவுக்கு அப்படியே ஏறுகிறது, அப்பாவுக்கும் மூச்சுத் திணறலா, மறைக்கிறாரா என்று அழுதாய், டிக்கெட் பார்க்கிறேன் என்றாய். டிக்கெட் போடாதேம்மா. எனக்கு ஒன்றுமில்லை. மெஷினை நான் மூக்கில் வைத்துக்கொள்ளவில்லை, சும்மா ஓடவிட்டேன்.

மொட்டை மாடியில் இருக்கிற சோலார் பேனலை நான் தெற்கிலிருந்து மேற்கே திருப்பியபோது நீகூடத் திட்டினாயே. தெற்கே பார்த்தபோது உச்சி வெயிலில் கரண்ட் கொட்டியது, ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் ஓடுவது ஒரே ஒரு ஃபேன், மிச்சமெல்லாம் தெருக் கம்பிக்குப் போய்விடும். உன் அம்மாவுக்கு மூச்சு அடைத்ததோ சாயங்காலத்தில், மெஷினுக்கு வெளிக் கரண்ட்டை வாங்கி ஓட்டினோம். மேற்கே திருப்பினால் அந்தச் சாயங்கால வெயில் நமக்கு. எலக்ட்ரீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அண்ணே, மொத்த யூனிட் குறையும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது" என்றார். பசிக்காத நேரத்தில் பரிமாறி என்னப்பா பிரயோஜனம் என்று நான் பெரிய விஞ்ஞானி மாதிரி பேசினேன், ஒன்பதாம் வகுப்பை ரெண்டு தரம் படித்தவன். முதல் நாள் சாயங்காலம் படியிறங்கி வந்து, இப்போது ஓடுவது முழுக்க நம் வீட்டு வெயில்தான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடி ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, வெயில் வாசனை அடிக்குது" என்றாள். கிண்டல்தான். ஆனாலும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

அந்த மெஷினுக்கு அவள் சின்னவர் என்று பேர் வைத்திருந்தாள், பெரியவர் நான், குறட்டையில் ரெண்டு பேரும் ஒன்று என்பாள். அவள் போன பிறகு நாலு மணியானால் பேனல் பாட்டுக்கு மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கும், அவளுக்கென்று திருப்பிய வெயில் யார் வீட்டுக்கோ போகும். எனக்குத் தாங்கவில்லை. ஓடாமல் கிடந்தால் கெட்டுவிடுமே என்று எனக்கே ஒரு காரணம் சொல்லி ஒருநாள் சுவிட்சைப் போட்டேன். அந்தச் சத்தம் வந்ததும் உள்ளே அவள் இருக்கிற மாதிரி இருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அப்புறம் தினமும் அதே வேலையாகிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து, "யாருக்குண்ணே ஓடுது?" என்று கேட்டார். டீ சாப்பிடுகிறீர்களா என்றேன்.

மெஷின் கிடைக்காமல் ஒருவர் தவிக்கிறார் என்று அம்மாவைப் பார்த்த டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், நான்தான் இதோ அதோ என்று இழுத்தடித்தேன். உன் போனை வைத்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன், குழாய் தலையணைமேல் கிடந்து ஊதிக்கொண்டிருந்தது. யாருக்கோ வேண்டிய மூச்சைத் தலையணைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாகிவிட்டது. இன்று காலை சின்னவரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது மடி காலியாக இருந்தது.

பேனலைத் திரும்பத் தெற்கே வைக்கச் சொல்லியிருந்தாய். வேண்டாம், மேற்கிலேயே இருக்கட்டும். இத்தனை நாள் ராத்திரிக்கு ரொட்டியும் டீயுமாக ஓட்டினேன், இனி வெயில் சாய்வதற்குள் கரண்ட் அடுப்பில் சோறு வைத்துக்கொள்கிறேன். குழையும், நான்தானே சாப்பிடப் போகிறேன்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குட்டிக்கு ஒரு முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. சாயங்காலக் கோடு கொஞ்சம் ஏறினால் அப்பா உலை வைத்துவிட்டார் என்று உன் வேலையைப் பார். ஏறாத நாளில் போன் பண்ணு. சிக்னல் நன்றாக இருக்கும்.

உன் அன்புள்ள,
அப்பா (பெரியவர்)